பவர் கண்ணாடியை ஆன்லைனில் விற்க: வாங்கும் வழியைச் சொந்தமாகக் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

சட்டையின் அளவு தவறினால் அது திரும்பி வரும், இஸ்திரி போட்டு அடுத்தவருக்கு விற்றுவிடலாம். பவர் கண்ணாடியில் அந்த வசதி கிடையாது. லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்கு வெட்டியதிலிருந்து அது ஒரே ஒருவருடைய கண்ணுக்கான பொருள். பவர் தவறாக இருந்தால் குப்பைக்குத்தான் போகும். அதனால் இந்த வேலையைக் கார்ட், செக்அவுட் என்று முன்னாலிருந்து தொடங்காமல், லேபில் லென்ஸ் வெட்டப்படும் கட்டத்திலிருந்து பின்னோக்கி யோசிக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் எதையும் மாற்றலாம், வெட்டிய பின் எதையும் மாற்ற முடியாது. பக்கங்களின் வரிசை, தரவுத்தளம், பணம் வாங்கும் முறை எல்லாவற்றையும் இந்தக் கோடுதான் தீர்மானிக்கிறது.

கடைத்தெருவில் ஒரு ஆப்டிகல்ஸ், அதில் ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் (கண்ணைப் பரிசோதித்துப் பவர் சொல்பவர்), லென்ஸ் தரும் ஒரு லேப், இணையதளம் கட்டத் தெரிந்த ஒருவர் என நான்கும் கைவசம் உள்ள இடத்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஆப்டோமெட்ரிஸ்ட் இல்லாமல் முழுக்க மென்பொருளை நம்பி இதைச் செய்ய நினைப்பவர்கள் கூலிங் கிளாஸ் மட்டும் விற்பது நல்லது.

முதலில், வேரியன்ட்டை மறந்துவிடுங்கள்

எந்த ஈ-காமர்ஸ் மென்பொருளை எடுத்தாலும் சிவப்பு, நீலம், எம், எல் என்று வேரியன்ட் போடத்தான் கைவரும். பவருக்கு அது ஒத்துவராது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்பியர் (அடிப்படைப் பவர்) −6.00 முதல் +4.00 வரை 0.25 படியில் 41 மதிப்புகள். சிலிண்டர் (கண்ணின் சீரற்ற வளைவைச் சரிசெய்யும் பவர்) 0 முதல் −4.00 வரை என்றால், பூஜ்யம் போக 16. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆக்சிஸ் (அது நிற்கும் கோணம்) 1 முதல் 180 வரை. ஒரு கண்ணுக்கு மட்டும் 41 × (1 + 16 × 180) = 1,18,121 சேர்க்கைகள். இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் சுமார் 1,395 கோடி.

ஆகவே ஃபிரேம்தான் பொருள். லென்ஸ் ஒரு சேவை. மருத்துவர் தரும் சீட்டில் உள்ள பவர் தனியான ஓர் ஆவணம். இந்த மூன்றையும் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, ஆர்டர் வரியில் சேர்த்துக் கட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ் தளத்தில் கடை வைக்க உதவும் வூகாமர்ஸில், கார்ட்டில் சேரும் ஒவ்வொரு வரிக்கும் கூடுதல் தரவு ஒட்டலாம், விலையையும் சர்வரிலேயே மாற்றலாம். சிறிய கடைக்கு அதுவே போதும். ஷாப்பிஃபை என்ற இணையக் கடைச் சேவையில் வரியோடு எழுத்துத் தகவல் ஒட்டலாம், ஆனால் அந்தத் தகவலால் விலை மாறாது. எனவே லென்ஸை இன்னொரு பொருளாக ஃபிரேமோடு சேர்த்துக் கார்ட்டில் போடுவதே எளிய வழி. அப்போது ஃபிரேமை நீக்கிவிட்டு லென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு பணம் கட்டுகிற வாடிக்கையாளர் ஒருவர் நிச்சயம் வருவார். இரண்டையும் ஒரே சாவியால் இணைத்து, ஒன்று போனால் மற்றதும் போகும்படி செய்துவிடுங்கள்.

எதில் கட்டினாலும் ஒரே ஃபிரேமை அப்பாவுக்கும் மகனுக்கும் இரண்டு பவரில் வாங்கினால் அவை ஒரே வரியாகச் சேரக் கூடாது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுங்கள். எண்ணிக்கையைக் குறைக்கும் கூட்டும் பட்டனையே எடுத்துவிடலாம்.

ஃபிரேம் தரவு: படம் எடுப்பதற்கு முன் ஸ்கேல் எடுங்கள்

கண்ணாடியின் கோலில் 52□18-140 என்று அச்சிட்டிருக்கும். 52 என்பது ஒரு கண்ணின் லென்ஸ் அகலம், 18 மூக்குப் பாலம், 140 கோலின் நீளம், எல்லாம் மில்லிமீட்டர். இவை மூன்றும் பொருள் பக்கத்தில் காட்டப் போதும், லென்ஸ் போடப் போதாது. லென்ஸின் உயரம், ஃபிரேமின் வகை (முழு ரிம், பாதி ரிம் உள்ள சுப்ரா, ரிம்மே இல்லாத ரிம்லெஸ்), ஃபிரேம் எவ்வளவு வளைந்திருக்கிறது, பவர் போடலாமா கூடாதா என்பவையும் தேவை. உயரத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ப்ரோக்ரசிவ் (தூரமும் கிட்டவும் ஒரே லென்ஸில், நடுவில் கோடில்லாமல்) விற்கும் அன்றைக்கு எல்லா ஃபிரேமையும் மறுபடி எடுத்து அளக்க வேண்டி வரும்.

ஃபிரேமின் வகை லென்ஸ் விதிகளோடு நேரடியாக மோதும். ரிம்லெஸ்ஸில் துளை போட வேண்டும். சாதாரண 1.50 பிளாஸ்டிக் லென்ஸ் துளை ஓரத்தில் விரிசல் விடும், அங்கே பாலிகார்பனேட், ட்ரைவெக்ஸ் போன்ற உறுதியான லென்ஸ்தான். முகத்தைச் சுற்றி வளையும் ஸ்போர்ட்ஸ் ஃபிரேமில் அதிக மைனஸ் பவர் உட்காராது. இவற்றையெல்லாம் ஃபிரேம் அட்டவணையிலேயே குறித்துவிட்டால், பின்னால் வாடிக்கையாளருக்கு போன் போட்டு ‘சார், இந்த மாடல்ல வராது’ என்று சொல்ல வேண்டியிருக்காது.

கேள்விகளின் வரிசை

ஃபிரேம் பக்கத்தில் ‘லென்ஸ் தேர்ந்தெடு’ என்ற பட்டனைத் தட்டியதும் வரவேண்டிய முதல் கேள்வி பவர் அல்ல, ‘எதற்காகக் கண்ணாடி?’ என்பதே. தூரம் பார்க்க, படிக்க, இரண்டுக்கும், பவர் இல்லாமல் சும்மா: நான்கே விடை. இந்தப் பதில்தான் அடுத்த படிவத்தில் எந்தக் கட்டங்கள் தெரிய வேண்டும் என்று முடிவு செய்யும். தூரக் கண்ணாடி கேட்டவருக்கு அடிஷன் (படிப்பதற்குக் கூடுதலாகச் சேரும் பவர்) கட்டத்தைக் காட்டினால் அதில் எதையாவது நிரப்பிவிடுவார்.

இரண்டாவது கேள்வி, சீட்டு எங்கே இருக்கிறது? கையில் இருக்கிறது, டைப் செய்கிறேன். போட்டோ எடுத்து அனுப்புகிறேன். பிறகு அனுப்புகிறேன். ஏற்கெனவே உங்களிடம் வாங்கியிருக்கிறேன். பழைய கண்ணாடிதான் இருக்கிறது, சீட்டு இல்லை. இந்த ஐந்தில் ‘பிறகு அனுப்புகிறேன்’ என்பதை விட்டுவிடாதீர்கள். இரவு பத்து மணிக்கு ஃபிரேம் பிடித்துப்போனவரிடம் சீட்டு பீரோவுக்குள் இருக்கும், அல்லது ஊரில் அம்மாவிடம் இருக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு, ஃபிரேமை அவருக்காக ஒதுக்கிவைத்து, வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பு அனுப்பினால் மறுநாள் சீட்டு வந்துவிடும். வெட்டும் கோடு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது, அவசரமில்லை.

சீட்டு இல்லாமல் பழைய கண்ணாடி மட்டும் வைத்திருப்பவரைக் கடைக்கு வரச் சொல்லுங்கள். லென்சோமீட்டரில் வைத்தால் ஒரு நிமிடத்தில் பவர் தெரியும். ஆனால் அது பழைய பவர் என்பதையும் அவரிடம் சொல்லியாக வேண்டும்.

பிடி (கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரம்) அளவு, லென்ஸ் வகை, சுருக்கம், கட்டணம் என்று மீதி வரும். ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்பியதைக் கைபேசி எண்ணோடு சேர்த்துச் சேமியுங்கள். சீட்டைத் தேடி எழுந்து போனவர் திரும்பி வரும்போது முதல் பக்கத்தில் நிற்கக் கூடாது.

சீட்டுப் படிவம்: வேலையின் பாதி இங்கேதான்

நம் ஊர்ச் சீட்டுகளுக்கு ஒரே வடிவம் கிடையாது. சிலர் ஓடி, ஓஎஸ் என்று எழுதுவார்கள், பெரும்பாலோர் ஆர்இ, எல்இ. ஓடி என்றால் வலக்கண், ஓஎஸ் இடக்கண். உங்கள் படிவத்தில் ‘வலது கண் (ஆர்இ / ஓடி)’ என்று இரண்டையும் சேர்த்தே போடுங்கள். வலக்கண் சீட்டின் இடப்பக்கத்தில்தான் இருக்கும், மருத்துவர் எதிரே உட்கார்ந்து பார்ப்பதால் வந்த வழக்கம். கைபேசித் திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கும்போதும் வலதுதான் மேலே.

அடுத்தது குறி. −2.00 என்பதை +2.00 என்று போட்டால் பிழை 4 டயாப்டர் (பவரின் அலகு). அந்தக் கண்ணாடியைப் போட்டவர் படியில் இறங்க மாட்டார். எண்ணோடு குறியையும் ஒரே பெட்டியில் டைப் செய்ய விடாதீர்கள். மைனஸ், பிளஸ் என்று இரண்டு பெரிய பட்டன்கள், முன்கூட்டியே எதுவும் தேர்வாகியிருக்கக் கூடாது. ஒன்றைத் தொட்ட பிறகே எண்களின் பட்டியல் திறக்கட்டும். ஒரு தட்டு கூடுதல்தான், பரவாயில்லை.

புள்ளியும் தகராறு செய்யும். கையெழுத்துச் சீட்டில் ‘225’ என்று தெரிவது 2.25. டைப் செய்யும் பெட்டி வைத்தால் ‘225’ஐ நீங்களாக 2.25 என்று மாற்றிவிடாமல் ‘2.25 தானே?’ என்று கேளுங்கள். ‘பிளேனோ’, ‘பிஎல்’ என்றால் பூஜ்யம். ‘டிஎஸ்’ என்றால் சிலிண்டர் இல்லை. இந்தச் சுருக்கங்களைப் படிவத்தின் ஓரத்தில் ஒரு சிறு விளக்கமாக, மாதிரிச் சீட்டின் படத்தோடு வையுங்கள்.

சிலிண்டர் இருந்தால் ஆக்சிஸ் கட்டாயம், சிலிண்டர் பூஜ்யமானால் ஆக்சிஸ் கட்டம் மறைய வேண்டும். ஆக்சிஸ் 1 முதல் 180 வரை முழு எண். 0 என்று எழுதியிருந்தால் 180 ஆகச் சேமியுங்கள். இங்கே ஒரு பூஜ்யம் விடுபட்டு 90 என்பது 9 ஆனால் என்ன ஆகும்? ஆக்சிஸ் 10 டிகிரி விலகினாலே சிலிண்டரில் மூன்றில் ஒரு பங்கு திருத்தம் வீணாகிறது. 30 டிகிரி விலகினால் கண்ணாடி போட்டும் போடாததுபோலத்தான். அதனால் ஒற்றை இலக்க ஆக்சிஸ் வந்தால் திரும்பக் கேளுங்கள். 5, 10 என்று உண்மையான சீட்டுகளும் உண்டு, தடுக்க வேண்டாம், கேட்டால் போதும்.

இந்த வேறுபாடு படிவம் முழுக்கவும் பொருந்தும். நடக்கவே முடியாததை மட்டும் தடுங்கள். நடக்கலாம் ஆனால் அரிது என்பதற்கு எச்சரிக்கை மட்டும் காட்டி, ஆப்டோமெட்ரிஸ்ட்டின் திரையில் சிவப்புக் கொடி ஏற்றுங்கள். ஒரு கண் மைனஸ், மறு கண் பிளஸ். இரு கண்ணுக்கும் 2 டயாப்டருக்கு மேல் வித்தியாசம். சீட்டு ஒரு வருடத்துக்கு மேல் பழையது: இவையெல்லாம் கொடி. ப்ரிசம் (பார்வையை ஒரு பக்கமாகத் திருப்பும் லென்ஸ் அமைப்பு) எழுதிய சீட்டு வந்தால் நேராக மனிதரிடம் போகட்டும். படிவத்தில் அதற்கென்று கட்டம் வைத்தால் தேவையில்லாதவர்களும் நிரப்புவார்கள்.

இனி கிட்டப் பார்வைப் பவர். இதில்தான் நம் ஊர்ச் சீட்டுகள் அதிகம் ஏமாற்றும். சிலர் ‘அடிஷன் +2.00’ என்று தனியாக எழுதுவார்கள். சிலரோ ‘என்.வி.’ (கிட்டப் பார்வை) வரியில் முழுப் பவரையே எழுதிவிடுவார்கள். தூரம் −1.00, கிட்ட +1.00 என்றிருந்தால் அடிஷன் +2.00. அதாவது கிட்டத்திலிருந்து தூரத்தைக் கழிக்க வேண்டும். வாடிக்கையாளர் +1.00 என்று பார்த்ததை அப்படியே அடிஷன் கட்டத்தில் போட்டால், படிப்புக் கண்ணாடியில் 1 டயாப்டர் குறைந்துவிடும். ‘உங்கள் சீட்டில் கீழ்வரியில் எப்படி எழுதியிருக்கிறது?’ என்று இரண்டு படங்களைக் காட்டித் தேர்வு செய்யச் சொல்லுங்கள், கழித்தலை மென்பொருள் செய்யட்டும். பெரும்பாலான அடிஷன்கள் +0.75 முதல் +3.50க்குள் இருக்கும். அதற்கு வெளியே போனால் கொடி.

சிலிண்டரைப் பிளஸ்ஸில் எழுதும் மருத்துவர்களும் உண்டு, மைனஸில் எழுதுபவர்களும் உண்டு. இரண்டையும் ஏற்று, வாடிக்கையாளர் தந்தபடியே ஒரு பிரதியும், மைனஸாக மாற்றிய பிரதி ஒன்றும் சேமியுங்கள். மாற்றும் முறை எளிது: ஸ்பியரோடு சிலிண்டரைக் கூட்டினால் புது ஸ்பியர், சிலிண்டரின் குறியைத் திருப்ப வேண்டும், ஆக்சிஸை 90 டிகிரி நகர்த்த வேண்டும். −2.00 / +1.00 × 90 என்பது −1.00 / −1.00 × 180. சேமிக்கும்போது தசம எண்ணாக வேண்டாம். நூறால் பெருக்கி −225 என்று முழு எண்ணாக வையுங்கள்.

போட்டோ வழியில் மூன்று எச்சரிக்கைகள். ஐபோனிலிருந்து ஹெச்இஐசி வடிவில் படம் வரும், சர்வரில் மாற்றிக்கொள்ளுங்கள். படத்தைப் படித்து எண்களைத் தானே நிரப்பும் மென்பொருளை வரைவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், கையெழுத்து மைனஸை அது மடிப்புக் கோடு என்று நினைத்துக்கொள்ளும். மூன்றாவது, பலர் சீட்டு என்று அனுப்புவது ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டரின் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு கண்ணுக்கும் பல அளவுகள், நட்சத்திரக் குறிகள், ‘விடி 12’ என்றெல்லாம் இருக்கும். அது இயந்திரத்தின் மதிப்பீடு. எழுத்துப் பலகையைப் படிக்கவைத்து மருத்துவர் முடிவுசெய்த பவர் அல்ல. அதை வைத்து லென்ஸ் வெட்டக் கூடாது என்று விதியாகவே எழுதிவையுங்கள். காண்டாக்ட் லென்ஸ் டப்பாவின் படமும் வரும். 4 டயாப்டருக்கு மேல் காண்டாக்ட் லென்ஸ் பவரும் கண்ணாடிப் பவரும் ஒன்றாக இருக்காது, அதுவும் ஏற்கத்தக்கதல்ல.

பிடி: சீட்டில் இல்லாத எண்

இரு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரம் பிடி. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். லென்ஸின் ஒளி மையம் இந்தப் புள்ளியில் உட்கார வேண்டும். பவர் சரியாக இருந்து பிடி தவறினால் என்ன நடக்கும் என்பதை ப்ரென்டிஸ் விதி சொல்லும்: விலகிய தூரத்தைச் சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்கினால் தேவையில்லாத ப்ரிசம் வரும். −5.00 லென்ஸில் 4 மில்லிமீட்டர் விலகினால் 2 ப்ரிசம் டயாப்டர். தலைவலிக்கு அது தாராளம். −0.75 பவர்க்காரருக்கு அதே விலகல் 0.3தான், அவருக்குத் தெரியவே தெரியாது. அதனால் பிடியை எல்லோரிடமும் ஒரே கண்டிப்புடன் கேட்க வேண்டியதில்லை. குறைந்த பவருக்குக் கைபேசிப் படம் போதும். ஆப்டோமெட்ரிஸ்ட்டோடு பேசி ஓர் எல்லை வைத்து, அதைத் தாண்டினால் கடையில் அளக்கச் சொல்லுங்கள்.

கைபேசிப் படத்தில் அளவு தெரிய ஏதாவது ஒரு பொருள் வேண்டும். வங்கி அட்டையின் அகலம் உலகம் முழுக்க 85.60 மில்லிமீட்டர்தான். நெற்றியில் ஒட்டிப் பிடித்துப் படம் எடுக்கச் சொல்வது வழக்கம். ஆனால் வாடிக்கையாளர் தன் டெபிட் கார்டின் எண்ணோடு படம் அனுப்பிவைப்பார். அதே அளவிலுள்ள வேறு அட்டை, அதுவும் எழுத்தில்லாத பக்கம் தெரியும்படி, என்று படத்தோடு காட்டுங்கள். கையெட்டும் தூரத்தில் கைபேசியைப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்பும், அளவு இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைந்து வரும். படத்திலிருந்து எடுத்த எண்ணை அப்படியே தூரக் கண்ணாடிக்குப் போடாமல் அதற்கான திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். படிக்கும் கண்ணாடிக்கு எதிர்மாறாக, தூர பிடியிலிருந்து சுமார் 3 மில்லிமீட்டர் குறைப்பார்கள்.

‘தெரியவில்லை என்றால் 63 போடுங்கள்’ என்று சராசரியை முன்கூட்டியே நிரப்பிவைக்கும் தளங்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. நிரப்பியிருந்தால் யாரும் அளக்க மாட்டார்கள்.

ப்ரோக்ரசிவ் லென்ஸுக்கு இதுவும் போதாது. ஒவ்வொரு கண்ணுக்கும் தனி பிடியும், ஃபிரேமை முகத்தில் மாட்டியபின் லென்ஸின் அடி விளிம்பிலிருந்து கண்மணி வரையுள்ள உயரமும் வேண்டும். அந்த உயரத்தைப் படத்தில் ஊகிப்பது சூதாட்டம். முதல் வெளியீட்டில் ஒற்றைப் பவரும் டி பைஃபோகலும் (அடியில் டி வடிவப் படிப்புப் பகுதி உள்ள லென்ஸ்) மட்டும் விற்கலாம். ப்ரோக்ரசிவ் கேட்பவர் ஃபிரேமைப் பதிவு செய்து, கடையில் வந்து அளவு கொடுத்துப் போகட்டும். விற்பனை கொஞ்சம் குறையும், திரும்பி வருவதும் குறையும்.

லென்ஸ் விதிகளும் விலையும்

வாடிக்கையாளரிடம் 1.56, 1.60, 1.67 என்று லென்ஸ் எண்களின் (ஒளிவிலகல் எண், கூடினால் லென்ஸ் மெல்லியதாகும்) பட்டியலை நீட்டினால் அவர் விலை குறைந்ததையோ கூடியதையோ எடுப்பார், பொருத்தமானதை எடுக்க மாட்டார். பவரும் ஃபிரேமும் தெரிந்த பிறகு பொருந்தாதவற்றை மறைத்து, ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டும்.

பரிந்துரையை ஸ்பியரை மட்டும் பார்த்துச் செய்யாதீர்கள். −4.00 / −2.00 என்றால் ஒரு திசையில் −4.00, அதற்குச் செங்குத்தான திசையில் −6.00. இரண்டில் பெரியதே லென்ஸின் தடிமனைத் தீர்மானிக்கும்.

ஃபிரேமின் அளவும் கணக்கில் வர வேண்டும். லென்ஸ் அகலத்தையும் பாலத்தையும் கூட்டி, அதிலிருந்து பிடியைக் கழித்து, இரண்டால் வகுத்தால் ஒளி மையம் எவ்வளவு மூக்குப் பக்கம் நகர்கிறது என்று கிடைக்கும். 54-18 ஃபிரேம், பிடி 62 என்றால் 5 மில்லிமீட்டர். மையத்திலிருந்து வெளி விளிம்பு 27 + 5 = 32 மில்லிமீட்டர். 46-20 ஃபிரேமில் அதே ஆளுக்கு நகர்வு 2, விளிம்பு 25 மில்லிமீட்டர். விளிம்பில் கூடும் தடிமனை ஏறக்குறைய அறிய, அந்தத் தூரத்தின் வர்க்கத்தைப் பவரால் பெருக்கி, 2000 × (லென்ஸ் எண் − 1) என்பதால் வகுக்க வேண்டும். −6.00 பவருக்குப் பெரிய ஃபிரேமில் 1.50 லென்ஸ் போட்டால் சுமார் 6.1 மில்லிமீட்டர், விலை உயர்ந்த 1.67 போட்டால் 4.6. சின்ன ஃபிரேமில் சாதாரண 1.50 லென்ஸே 3.75தான். மைய தடிமன் இதில் சேரவில்லை, ஒப்பிட இது போதும். அதாவது, லென்ஸுக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பதைவிடச் சின்ன ஃபிரேம் எடுப்பது மெல்லிய கண்ணாடி தரும். இதைத் திரையில் ஒரு வரியாகச் சொல்லும் தளத்துக்கு வாடிக்கையாளர் திரும்பி வருவார். ‘இந்தப் பவருக்கு 50க்குக் குறைந்த அகலமுள்ள ஃபிரேம்களைக் காட்டு’ என்று ஒரு வடிகட்டியும் வையுங்கள்.

ப்ளூ கட் (நீல ஒளியை வடிகட்டும் லென்ஸ்) பற்றி ஒரு வார்த்தை. கணினி பார்ப்பதால் வரும் கண் அயர்ச்சியை அது குறுகிய காலத்தில் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. விரும்பிக் கேட்பவருக்கு விற்கலாம். முன்கூட்டியே டிக் போட்டு வைப்பது வேறு விஷயம். வாடிக்கையாளரின் ஒப்புதலுக்கு முன்கூட்டி டிக் போட்ட பெட்டி கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு ஈ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பரில் வந்த டார்க் பேட்டர்ன் (வாங்குபவரை ஏமாற்றும் திரை உத்திகள்) வழிகாட்டுதல்களும் தடுக்கின்றன.

விலை அட்டவணை லென்ஸ் வகை, பவர் வரம்பு என்ற இரண்டு அச்சில் இருக்கட்டும். ஒரு கண் ஒரு வரம்பிலும் மறு கண் இன்னொரு வரம்பிலும் விழுந்தால் ஜோடிக்கு எந்த விலை என்று முன்பே தீர்மானியுங்கள், உயர்ந்ததை எடுப்பதுதான் பொதுவான வழக்கம். உலாவியிலிருந்து விலையை வாங்காதீர்கள். எந்த ஃபிரேம், எந்த லென்ஸ், எந்தச் சீட்டு என்ற அடையாளங்கள் மட்டும் வரட்டும், கூட்டல் சர்வரில் நடக்கட்டும்.

லேபில் தயாராக இருக்கும் லென்ஸா, அந்தப் பவருக்கென்று அரைத்து எடுப்பதா என்பதும் இதே விதிகளில் தெரிந்துவிடும். டெலிவரி தேதி அதைப் பொறுத்தது. அந்த நாள்கணக்கு பணம் கட்டிய நேரத்திலிருந்து ஓடக் கூடாது, சீட்டு சரிபார்க்கப்பட்ட நேரத்திலிருந்துதான் ஓட வேண்டும். திரையிலும் அப்படியே எழுதுங்கள்.

பணமும் வரியும்

ரேஸர்பே போன்ற எந்தச் சேவையானாலும் தொகையைப் பைசாவில் அனுப்புவது, வெப்ஹூக்கின் (பணம் வந்ததும் அந்தச் சேவை அனுப்பும் தானியங்கி அறிவிப்பு) கையொப்பத்தைச் சரிபார்ப்பது, ஒரே அறிவிப்பு இரண்டு முறை வந்தாலும் ஒரே முறை செயல்படுவது எல்லாம் வழக்கமானவை. இங்கே கூடுதலாக ஒன்றே ஒன்று: ‘பணம் வந்தது’ என்ற நிலை லேபுக்கு வேலையைத் தள்ளிவிடக் கூடாது. அது ‘சீட்டுச் சரிபார்ப்பு’ வரிசைக்கு மட்டுமே தள்ள வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி பவர் இல்லாத ஃபிரேமுக்கு இருக்கட்டும். பவர் போட்டதற்கு முழுத் தொகையோ, லென்ஸ் செலவை ஈடுகட்டும் முன்பணமோ வாங்காமல் வெட்டினால் வாசலில் ‘வேண்டாம்’ என்பவரின் லென்ஸ் உங்கள் தலையில்.

ஜிஎஸ்டியில் ஒரு நெளிவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைத் திருத்தக் கண்ணாடிக்கு 5 சதவீதம், பவர் இல்லாத கூலிங் கிளாஸுக்கு 18. ஒரே ஃபிரேம், போடும் லென்ஸைப் பொறுத்து வேறு வரிக்குள் விழும். ஆகவே வரி விகிதம் ஃபிரேமோடு ஒட்டியிருக்கக் கூடாது, ஆர்டர் வரியில் தீர்மானமாக வேண்டும். எச்எஸ்என் எண்ணை (பொருளின் வரி வகைக் குறியீடு) உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.

சரிபார்க்கும் திரை

ஆப்டோமெட்ரிஸ்ட்டுக்கு ஒரு திரை. இடப்பக்கம் சீட்டின் படம், பெரிதாக்கவும் திருப்பவும் வசதியோடு. வலப்பக்கம் வாடிக்கையாளர் டைப் செய்த எண்கள், மேலே சிவப்புக் கொடிகள், கீழே ஃபிரேமும் லென்ஸும். டைப் செய்தவரிடமும் படம் கட்டாயம் வாங்குவது நல்லது. இல்லையென்றால் சரிபார்க்க எதுவும் இருக்காது.

படத்தைப் பார்த்து எண்களை அவர் மறுபடி டைப் செய்ய வேண்டும், வாடிக்கையாளரின் எண்கள் அதன் பிறகே தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தினால் பச்சை. முன்பே நிரம்பிய எண்களைப் பார்த்து ‘சரி’ தட்டச் சொன்னால் மாலை நேரக் கூட்டத்தில் எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

ஒப்புதல் தந்ததும் அந்தச் சீட்டுப் பதிப்பு பூட்டப்பட வேண்டும். திருத்தம் என்றால் புதுப் பதிப்பு, புது ஒப்புதல். யார், எப்போது என்பது பதிவாகட்டும். பூட்டிய பதிப்பிலிருந்து மட்டுமே லேப் தாள் அச்சாக வேண்டும். வலது, இடது, ஒவ்வொரு எண்ணுக்கும் குறி, இரண்டு தசமம், ஃபிரேம் குறியீடு, பிடி. பூஜ்யமாக இருந்தால் வெற்றிடம் விடாமல் 0.00 என்றே அச்சிடுங்கள். வாடிக்கையாளருக்கும் அதே எண்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெட்டுவதற்கு முன் சில மணி நேரம் மறுப்புச் சொல்ல இடம் கொடுங்கள்.

கண்ணாடி தயாராகி வந்ததும் லென்சோமீட்டரில் வைத்து அளந்த பவரை அதே ஆர்டரில் பதியாமல் ‘அனுப்பு’ பட்டன் வேலை செய்யக் கூடாது.

சீட்டு ஒரு மருத்துவத் தகவல்

வேர்ட்பிரஸ்ஸில் வழக்கமான பதிவேற்றக் கோப்புறைக்குள் போகும் படத்தை முகவரி தெரிந்த யாரும் திறக்கலாம். சீட்டில் பெயர், வயது, கைபேசி எண், மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் இருக்கும். தனிச் சேமிப்பகத்தில் வைத்து, சில நிமிடங்களில் காலாவதியாகும் இணைப்பு வழியாக மட்டும் காட்டுங்கள். பவரைப் பக்கத்தின் முகவரியில் ஏற்றாதீர்கள், விளம்பரப் பிக்சல்கள் (பக்கத்தில் ஒளிந்திருக்கும் கண்காணிப்புக் குறிகள்) அதையும் சேர்த்து எடுத்துப் போகும்.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகியிருக்கின்றன. எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்ற அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணை மொழியிலோ படிக்கும் வாய்ப்பு தர வேண்டும் என்கிறது சட்டம். நம் வாடிக்கையாளருக்குத் தமிழிலேயே கொடுத்துவிடலாம். 18 வயதுக்குக் கீழானவரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் கண்ணாடி இந்த வியாபாரத்தில் பெரிய பங்கு என்பதால் ‘இது யாருக்கு?’ என்ற கேள்வியைச் சீட்டுப் படிவத்தின் தலையிலேயே வைத்துவிடுங்கள். பிடி வரம்பைக் குழந்தைக்கு மாற்றவும், பாலிகார்பனேட்டைப் பரிந்துரைக்கவும் அதே பதில் உதவும்.

ஈ-காமர்ஸ் விதிகளின்படி குறைதீர் அதிகாரியின் பெயரும் தொடர்பும் தளத்தில் இருக்க வேண்டும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

திறப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டியவை

- +0.50 / −0.75 × 180 என்றும், −0.25 / +0.75 × 90 என்றும் இரண்டு ஆர்டர் போடுங்கள். லேப் தாள் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
- தூரம் +1.00, கிட்ட +3.00. அடிஷன் +2.00 என்று வருகிறதா?
- ஒரு கண் பிளேனோ. வெற்றிடம் எங்காவது அச்சாகிறதா?
- ரிம்லெஸ் ஃபிரேமோடு 1.50 லென்ஸைக் கேட்கும் கோரிக்கையை உலாவிக்கு வெளியிலிருந்து நேராக அனுப்புங்கள். சர்வர் மறுக்க வேண்டும்.
- ஒப்புதலுக்குப் பிறகு வாடிக்கையாளர் பவரை மாற்றினால் லேபுக்குப் போன வேலை நிற்கிறதா? நிற்காவிட்டால் தளத்தைத் திறக்காதீர்கள்.
- சீட்டு அனுப்பாமலே இருப்பவரின் ஃபிரேம் எத்தனை நாளில் விடுபட்டு, பணம் திரும்புகிறது?

திறந்த பிறகு திரும்பி வரும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் ஒரு காரணக் குறியீடு போடுங்கள்: சீட்டு டைப் பிழை, பிடி, லேப் பிழை, ஃபிட்டிங், மருத்துவரே பவரை மாற்றியது, ஃபிரேம் பிடிக்கவில்லை. ‘மற்றவை’ என்ற குறியீட்டைக் கொடுக்க வேண்டாம், எல்லாம் அதற்குள் போய்விழும். பிடியால் வருவது கூடினால் கடையில் அளக்கச் சொல்லும் பவர் எல்லையை இறக்குங்கள். டைப் பிழை கூடினால் எந்தக் கட்டத்தில் என்று பூட்டிய பதிப்புகளைப் பின்னோக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அடிஷனாகத்தான் இருக்கும். லேப் பிழைக்கு லென்சோமீட்டர் பதிவு கையில் இருக்கிறது, அந்த மாத பில்லில் கழித்துக்கொள்ளலாம்.